லேப்டாப்புக்குக் காய்ச்சல் பார்த்த அண்ணன்

மனிதர்களுக்குக் காய்ச்சல் பார்ப்பவர்கள் உண்டு, மாடுகளுக்குப் பார்ப்பவர்களும் உண்டு. லேப்டாப்புக்குக் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருந்தார். நான் கதை விடுவதாக நினைக்க வேண்டாம். தன் அம்மாவின் மருந்து டப்பாவிலிருந்து சுட்டுக்கொண்டு வந்த தெர்மாமீட்டரை, லேப்டாப்பில் சூடான காற்று வெளியே வரும் ஓட்டையில் செருகிவிட்டு, வாட்சைப் பார்த்தபடி அவர் நின்றதை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிறகு அதை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, உதட்டைப் பிதுக்குவார்.

"நூத்தெட்டு தாண்டிட்டு மக்கா. மனுசனாட்டு இருந்தா இந்நேரம் அடக்கம் பண்ணியிருப்பாவ."

அப்பன் அம்மை வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. எங்கள் ஆபீசில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. காய்ச்சல் அண்ணன், அவ்வளவுதான்.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். 2012 வாக்கில் நாகர்கோவிலில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஒற்றை அறை அது. கீழே பேக்கரி அடுப்பு, மேலே மொட்டை வெயில், நடுவில் நாங்கள் மூன்று பேர் வெந்துகொண்டே கம்ப்யூட்டர் கேம் தயாரித்தோம். முதலாளி ஜெபசிங் சார், கல்ஃபில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். காய்ச்சல் அண்ணன் புரோகிராம் எழுதுவார். நான் படகு, மீன், தென்னை மரம் என்று முப்பரிமாண உருவங்கள் செய்து கொடுப்பேன். வீட்டில் அப்பா தினமும், "ஏட்டி, விளையாட்டுச் சாமான் செய்யதுக்கா உன்ன எஞ்சினியரிங் படிக்க வச்சேன்?" என்று கேட்பார். இது சரிப்படவில்லை என்றால் பேங்க் பரீட்சைக் கோச்சிங்கில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கோச்சிங் சென்டர் வாசலைத் தாண்டித்தான் நான் ஆபீசுக்கே போக வேண்டும். அங்கே மட்டும் ஓட்டமும் நடையுமாகக் கடப்பேன்.

அப்போதுதான் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெரிய கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. கடலில் படகு விடும் கேம் ஒன்று அவர்களுக்கு வேண்டும். செய்து காட்டினால், பிடித்திருந்தால், முழு வேலையும் எங்களுக்கே. ஜெபசிங் சாரின் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு களை வந்தது. ஆனால் எங்களிடம் இருந்தவை இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள்தான். அவற்றைத் தூக்கிக்கொண்டு ரயிலேற முடியாது.

"ஒரு நல்ல லேப்டாப்பா பாத்து எடுத்துருங்க. டெமோ அதுலதான்" என்று சார் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"நானா சார்?" என்றார் அண்ணன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தரச் சொன்னால்கூட மனிதன் அப்படி வெளிறியிருக்க மாட்டான்.

அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை. அண்ணன் கடை கடையாக ஏறினார், கூட என்னையும் இழுத்துப் போனார். முதல் கடையில் வெள்ளி நிறத்தில் ஒரு லேப்டாப்பைக் கண்டு நான் மயங்கிப்போனேன். அப்பளம் மாதிரி மெல்லிசு.

"அழகா இருக்கு அண்ணே."

"இவ்வளவு மெலிசா இருந்தா காத்து எது வழியா மக்கா போவும்? அதுக்கும் மூச்சு விடாண்டாமா?" என்றார். அதோடு விடவில்லை. "இதுக்கு சொந்தமாட்டு கிராபிக்ஸ் மெமரியும் கெடையாது. ரேமுக்க தட்டுலேந்து அள்ளித் தின்னும். நாம கடல்ல அலை வரையும்போ, இது ரேமுக்கிட்ட போய் கையேந்திக்கிட்டு நிக்கும்."

கடைக்காரர், "சார், இதுல எல்லா கேமும் ஓடும்" என்றார்.

"கேம் விளையாடுறவன் ஒரு கேமத்தான் தொறப்பான். கேம் செய்யுறவன் கேம் எஞ்சினத் தொறப்பான், உருவம் செய்யுற சாஃப்ட்வேரத் தொறப்பான், கலர் அடிக்கதுக்கு ஒண்ணு தொறப்பான், எங்க தப்பு வந்துதுன்னு இன்டர்நெட்டுல தேட வேற பத்துப் பதினஞ்சு பக்கம் தொறப்பான். எல்லாம் ஒரே நேரத்துல. நாலு ஜி.பி. ரேம் அதுக்குக் காணுமா? நீங்களே நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க."

கடைக்காரர் நெஞ்சில் கையை வைக்கவில்லை. தலையில் வைத்தார்.

மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அண்ணன் தன் பென் டிரைவைச் செருகி, எங்கள் கடலை ஓடவிட்டார். அலை எழும்பியது, படகு ஆடியது. நிம்மதியாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் ஓடினால்தான் மெஷினின் குணம் தெரியுமாம். நடுநடுவே குனிந்து ஃபேன் ஓடும் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டார். அடியில் தொட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். டீ வரவழைத்துக் குடித்தார். கடைசியில் தெர்மாமீட்டரை எடுத்தபோது கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"சார், லேப்டாப் வாங்க வந்தியளா, இல்ல அதுக்குப் பேறுகாலம் பாக்க வந்தியளா?"

அடுத்த தடவை அதே கடைக்குப் போனபோது தூரத்திலிருந்தே எங்களைப் பார்த்துவிட்ட அவர், "ஓனர் இல்ல, வெளிய போயிருக்காரு" என்றார். கடை ஓனர் அவரேதான்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் எரிச்சலோடு கேட்டேன். "ஏண்ணே இப்பிடிப் பயப்படுதிய? எதையாவது ஒண்ண எடுத்துத் தொலைங்களேன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கு ஊர் மணவாளக்குறிச்சி, வீடு கடலை ஒட்டி. காலேஜ் முடித்த கையோடு, வேலைக்குப் போகாமல், வீட்டில் உட்கார்ந்து தனியாக ஒரு கேம் செய்தாராம். கட்டுமரத்தில் ஒருவன் கடலுக்குள் போய், வழி தவறி, நட்சத்திரம் பார்த்துக் கரை திரும்புகிற கேம். வருஷக்கணக்கான உழைப்பு. உப்புக் காற்றும் சூடும் சேர்ந்து ஒருநாள் லேப்டாப்பைக் கொன்றுவிட்டன. எதையும் மீட்க முடியவில்லை.

நான் மெதுவாகக் கேட்டேன். "பேக்கப் எடுத்து வைக்கல்லியா அண்ணே?"

"வச்சிருந்தேன் மக்கா."

"எங்க?"

"அதே லேப்டாப்புல, வேற ஃபோல்டர்ல."

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

டெமோ நாள் நெருங்க நெருங்க ஜெபசிங் சார் மாதிரி சாந்தமான மனிதரே கத்தத் தொடங்கினார். "நாளைக்கு மெஷின் வரல்லன்னா நான் கம்பெனிய பூட்டிட்டு பழையபடி கல்ஃபுக்குப் போவேன், பாத்துக்கிடுங்க!" அந்தப் பயத்தில்தான் அண்ணன் வாங்கினார். நாலு கோர் ப்ராசஸர், எட்டு ஜி.பி. ரேம், சொந்தமாக மெமரி உள்ள கிராபிக்ஸ் கார்டு, பக்கத்திலும் பின்னாலும் சன்னல் வைத்தது போலக் காற்றோட்டம். கறுப்பு நிறம், நல்ல தடிமன். பையைத் தோளில் மாட்டினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். மறுநாள் காலையில் பேப்பரில் அதைவிடப் புதிய மாடல் ஒன்றின் விளம்பரம் வந்திருந்தது. மத்தியானம் வரை அண்ணன் அதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

டெமோவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனார். உப்புக் காற்று படக் கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். விஷயம் தெரியாத அவர் அம்மா உலை வைக்க அரிசி அள்ளப் போய், டொங்கென்று சத்தம் கேட்டு, வீட்டில் யாரோ பில்லி சூனியம் வைத்துவிட்டார்கள் என்று அலறி, தெருவே கூடிவிட்டது. அதன்பிறகு அண்ணன் அதை நேராக மாதா கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பங்குச் சாமியார் நல்ல மனுஷர். மெஷினை மந்திரிக்க ஒத்துக்கொண்டு, ஜெபம் சொல்லி, கையை ஓங்கினார். அண்ணன் பாய்ந்து குறுக்கே விழுந்தார்.

"சாமி, ஜெபம் மட்டும் போதும்! தீர்த்தம் தெளிச்சிராதிய!"

டெமோ அன்று காலை நாகர்கோவிலில் ரயிலேறினோம். லேப்டாப்பை ஒரு துவர்த்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார் அண்ணன். துண்டுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். ஜன்னல் வெயில் விழாதபடி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, அடிக்கடி துவர்த்துக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். குழித்துறையில் ஏறிய ஒரு அக்கா இதைக் கவனித்துக்கொண்டே வந்தார். பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"பிள்ளைக்குக் காய்ச்சலா?"

"இப்பம் இல்ல" என்றார் அண்ணன், மிகக் கவலையோடு. "ஆனா வரும்."

அந்தக் கம்பெனியின் மீட்டிங் ஹால் குளிர்பதனப் பெட்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சூடு பற்றிய கவலை தேவையில்லை என்று நான் மூச்சு விட்டேன். எதிரே மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர். தலைமையில் கண்ணாடி போட்ட ஒரு மேடம். ஜெபசிங் சார் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "காட்டுங்க" என்றார். அண்ணன் லேப்டாப்பைத் திறந்து ஸ்விட்சை அழுத்தினார்.

சுவரில் பெரிய திரை நீலமாக மாறியது. எங்கள் கடல் என்று நினைத்தேன். கடல் இல்லை. அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சூடு, உப்பு, கரண்ட், தண்ணீர், திருட்டு, பில்லி சூனியம் என்று அத்தனைக்கும் பயந்த மனிதர் இதற்கு மட்டும் பயப்பட மறந்துவிட்டார். ஜெபசிங் சார் கர்ச்சீப்பை எடுத்து, வேர்க்காத நெற்றியைத் துடைத்தார். என் கண் முன்னால் பேங்க் கோச்சிங் சென்டர் வாசல் தெரிந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். மயங்கி விழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ, வெகுநாளாகக் காத்திருந்த விருந்தாளி கடைசியில் வந்து சேர்ந்தது போல முகம் தெளிந்து நின்றார்.

"வந்துட்டு பாத்தியா" என்றார் என்னிடம், ரகசியமாக. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

பிறகு பைக்குள் கையை விட்டு இன்னொரு லேப்டாப்பை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அவருடைய அக்கா மகளுடையது, மேலே பூ ஸ்டிக்கர் எல்லாம் ஒட்டியிருந்தது. எல்லாம் கைவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், அந்தச் சோப்ளாங்கி மெஷினிலும் ஓடுகிற மாதிரி நிழலைக் குறைத்து, அலையைச் சிறிதாக்கி, கேமின் ஒரு ஏழை வடிவத்தை எங்கள் யாருக்கும் சொல்லாமல் தனியாகச் செய்து வைத்திருந்தார். திரையில் கடல் வந்தது. படகு ஆடியது. கொஞ்சம் தடுமாறினாலும் நிற்காமல் போனது.

மேடம் முன்னால் குனிந்தார். மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "இது எந்த மெஷின்?"

"எனக்க மருமவளுக்கது மேடம். ஸ்கூல்ல குடுத்ததாக்கும்."

"இதில் இவ்வளவு நல்லா ஓடுமா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர்களுடைய கேமை விளையாடப் போகிறவர்களில் பாதிப் பேரிடம் இப்படிப்பட்ட மெஷின்தான் இருக்கிறது என்றும், எங்களைப் போலவே டெமோவுக்கு வந்த மற்ற கம்பெனிகள் காட்டியதெல்லாம் பெரிய மெஷின்களில் மட்டுமே ஓடியது என்றும் பிறகுதான் தெரிந்தது. வேலை எங்களுக்குக் கிடைத்தது. நாங்கள் கிளம்பும்போது கறுப்பு லேப்டாப் அப்டேட்டை முடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்தது.

ஸ்டேஷனில் ஜெபசிங் சார் நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். நானும் அவரும் சிரித்துச் சிரித்துத் தின்றோம். அண்ணன் மட்டும் பழம்பொரியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்ன அண்ணே, இனி என்ன கவலை?"

"வேலை கெடச்சாச்சே மக்கா" என்றார் பரிதாபமாக. "இனி அத முடிக்கணுமே."

முடித்தோம். நான் கோச்சிங் சென்டர் படியேறவே இல்லை. பிறகு கல்யாணமாகி, சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் மாதம் ஒருமுறை போன் செய்வார். எடுத்தவுடன் லேப்டாப்பின் நலம் விசாரிப்பார். தூசி தட்டினாயா, மெத்தை மேல் வைக்கிறாயா, பேக்கப் எங்கே இருக்கிறது, அதற்குப் பேக்கப் எங்கே இருக்கிறது. என்னை நலம் விசாரிக்கும் முறை வருவதற்குள் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

சென்னையில் வெள்ளம் வந்த வருஷம், எங்கள் கீழ்த்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாடி வீட்டுக்காரர்கள் எங்களை மேலே இழுத்துக்கொண்டார்கள். கரண்ட் இல்லை, போனும் இல்லை. லைன் திரும்பக் கிடைத்ததும் முதலில் வந்த அழைப்பு காய்ச்சல் அண்ணனுடையது. விடாமல் முயன்றுகொண்டே இருந்திருக்கிறார் போல, நான் எடுத்த பிறகும் நம்ப முடியாமல் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். என்ன கேட்பார் என்று தெரியும் என்பதால் நானே சொல்லிவிட்டேன்.

"அண்ணே, லேப்டாப் போச்சு. தண்ணிக்குள்ள கெடக்கு."

"அது கெடந்துட்டுப் போட்டும் மக்கா" என்றார் அண்ணன். "நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?"

அத்தனை நாளும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.