ஆலங்கட்டிக்கு அடித்த மணி

"எண்ணித்தான் அடிச்சியா? மூணு மூணாவா, ரெண்டு ரெண்டாவா?"

"எண்ணவே இல்லைங்க. ஆலங்கட்டி மேகம் வருதே, மணியடிச்சு விரட்டுவோம்னு விடாம அடிச்சேன். கயிறு மூணு அடிக்கு ஒரு தடவை சிக்கிக்கிச்சு."

"மூணு மூணா அடிச்சா ஆம்பளை செத்துட்டான்னு அர்த்தம்டா! ஊரே அழுதுட்டு இருக்கு." தச்சர் தார்சீசியோ சவப்பெட்டிக்கான பலகையைத் தோள் மாற்றிக்கொண்டார். "நீ என்ன சொன்னாலும் மணி மணிதான். செத்தது கௌதென்சியோதானே?"

ஃபெர்மோ தேவாலயத்தில் கோயில்பிள்ளை வேலைக்கு வந்து ஒரு வாரம்தான். இன்னொரு தப்பு நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டுத்தான் சாமியார் பள்ளத்தாக்குக்கு இறங்கியிருந்தார். மாலைப் பேருந்தில் திரும்பிவிடுவார்.

கௌதென்சியோ ஈஸ்டரிலிருந்து இருமலோடு படுக்கையில் கிடந்தார். அதனால் ஊரில் யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. பொலெந்தா களி கிளறிய கையோடு பெண்கள் அவர் வீட்டுக்கு ஓடினார்கள். மேகம் என்னவோ ஒரு கல்லும் போடாமல் அடுத்த மலைக்குப் போய்விட்டது.

நிறுத்தாமல் அடித்தால் இது மேகத்துக்கு அடித்த மணி என்று புரிந்துகொள்வார்கள். ஃபெர்மோ கயிற்றில் தொங்கினான். இந்த முறை அது இரண்டு அடிக்கு ஒரு தடவை சிக்கியது.

"ஐயோ, பொம்பளை மணி!" தெருவில் மத்தேயா அலறினாள். "புருஷன் போன துக்கத்துல இல்தேயும் போயிட்டாளே!"

தார்சீசியோ பெருமூச்சு விட்டு இரண்டாவது பலகை எடுக்கப் போனார்.

ஃபெர்மோ ஓடினான். கௌதென்சியோவின் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. முற்றத்தில் அவர் தம்பி செவேரோ மண்டியிட்டுக் கிடந்தான். பல வருஷமாக அண்ணன் முகத்தில் விழிக்காதவன், மேல்மலையிலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தான்.

"அண்ணே! புல்வெளி எல்லைக்கல்லை நகர்த்துனது நான்தாண்ணே! மன்னிச்சிடு!"

கூட்டம் மூக்கைச் சிந்தியது. இதற்கு நடுவில் போய் எதைச் சொல்வது? ஃபெர்மோ மாட்டுக்கொட்டில் வழியாகப் பின்பக்கம் நழுவினான். இருட்டில் ஒரு கை அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது.

இல்தே. உயிரோடு, கன்னமெல்லாம் சிவந்து. அவளுக்குப் பின்னால் கட்டிலில் கௌதென்சியோ, இருமல் வெளியே கேட்காமல் இருக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு என்னோடதுதான். காலில் வேணா விழறேன். சாமியார் வர்றதுக்குள்ள கதவைத் திறந்து முகத்தைக் காட்டிடுங்க..."

"உஷ்! கல்லை நகர்த்துனதை ஒத்துக்கிட்டான். எங்க செவலைப் பசுவை ஓட்டிட்டுப் போனதைப் பத்தி இன்னும் வாயே திறக்கலே. போய் இன்னொரு வாட்டி அடிச்சிட்டு வர்றியா, தம்பி?"