சூதாட்ட வில்லைக்குப் பொட்டு வைத்தவன்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத் தெரியாத வியாதி எனக்கு இருபத்தாறு வயதில் உச்சத்தில் இருந்தது. 2005 வாக்கில் பஹ்ரைனில், ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். கல்யாணமாகி ஐந்தே மாதம். மனைவி சுமதி விருதுநகரில். அவளுக்கு விசா எடுக்க மேனேஜர் நடராஜன் சார் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

சார், வெளிநாட்டுச் சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதிலாகப் புழங்கும் வில்லைகளைச் சேகரிப்பவர். (ஆட மாட்டார். சேர்ப்பதோடு சரி.) ஒருநாள், எப்போதோ மூடிப்போன விடுதியொன்றின் வெள்ளைக் களிமண் வில்லையை என்னிடம் தந்தார்.

“இத அமெரிக்காவுக்கு அனுப்பணும்ப்பா. அங்க நிபுணர்கள் பார்த்து, எழுபதுக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்சு சர்டிபிகேட் தருவாங்க. கை படாம பேக் பண்ணத் தெரியுமா?”

“இதெல்லாம் நமக்குச் சாதாரணம் சார். அந்த விசா லெட்டர்...”

“மார்க் வரட்டும். போடறேன்.”

மறுநாள் ஆயுத பூஜை. குதைபியா பகுதியில் நான் தங்கியிருந்த ரூமில் கால்குலேட்டர், ஸ்டேப்ளர், பேனாக்கத்தி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பரீட்சைக்குப் போகிற வில்லையை மட்டும் வெறும் நெற்றியோடு அனுப்ப மனசு வருமா? நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ரூம்மேட் செல்வம் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

“ஏலே, அது ஊறிராதா?”

“துடைச்சாப் போயிரும்ணே. எனக்குத் தெரியாதா?”

துடைத்தேன். போகவில்லை. ஈரத்துணியால் தேய்த்தேன். வெள்ளை வில்லை முழுக்க ரோஸ் ஆனது. இதன் ஒரிஜினல் நிறமே இதுதான் என்று என்னை நானே நம்பவைத்து அனுப்பிவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து வில்லை மார்க் இல்லாமல் திரும்பி வந்தது. கூடவே வந்த தாளை சார் சத்தமாகப் படித்தார். அடையாளம் தெரியாத சிவப்புப் பொருள் படிந்திருக்கிறதாம், தேய்த்த தடம் இருக்கிறதாம், தரமிட இயலாதாம். வில்லையை மூக்கருகே கொண்டுபோனார்.

“சந்தன வாசனை வருதே?”

“ஆயுத பூஜை சார். நல்ல மார்க் வரணும்னு...” சுமதி இனி விமானம் ஏறவே மாட்டாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

சார் வில்லையை மேஜைமேல் வைத்தார். பிறகு டிராயரைத் திறந்து, என் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

“சீக்கிரம் உன் வைஃப வரவழை. உன்னத் தனியா விட்டு வைக்கிறது ஆபத்து.”

சுமதி வந்தாள். வந்த வாரமே சார் வீட்டு விருந்தில் முழுக்கதையும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் பொட்டு வைக்கும் அதிகாரம் எனக்கில்லை. போன வருடம் மகள் புது லேப்டாப்பைப் பிரிக்கும் முன் அம்மாவிடம் கேட்டாள்:

“அப்பாவ உள்ள வச்சுப் பூட்டியாச்சாம்மா?”