ஒரு சுழல் நாற்காலியும் மூன்று பருவங்களும்

மனிதன் பிறந்து, வளர்ந்து, முதிர்வது தானாக நடக்கிற காரியம் என்று உலகம் வெகுகாலம் தவறாக நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அது எங்கள் ஆய்வு நிலையத்தின் மேற்பார்வையில்தான் நடக்கிறது. தொட்டில் முதல் கடைசி மூச்சு வரை வாழ்க்கையைப் பதினொரு பருவங்களாகப் பிரித்து, பருவத்துக்கு ஒரு படிவம், படிவத்துக்கு மூன்று நகல் என்று ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர்கள் நாங்கள். நகல் இல்லாமல் யாரும் வளர முடியாது.

‘நாங்கள்’ என்று உரிமையோடு சொல்கிறேனே தவிர, நான் அங்கே வெறும் உதவியாளன். பொம்மை துடைப்பதும் படிவம் நிரப்புவதும் என் வேலை. அறிவு முழுவதும் மூன்று பேராசிரியர்களிடம் இருந்தது. குழந்தைப் பருவ நிபுணர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. முதுமை நிபுணருக்கு வயது முப்பத்தொன்று. நடுவயது நிபுணரான அம்மையாரிடம் வயதைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை. ‘குழந்தை சார்’, ‘முதுமை சார்’, ‘நடுவயது மேடம்’ என்றே அவர்களை அழைப்போம்.

அன்று பஸ் ஓட்டும் பெண் ஒருவர் நாலு வயது மகளோடு வந்தார். ‘பகிர்ந்துகொள்ளும் பண்பு வந்துவிட்டது’ என்று நாங்கள் சான்றிதழ் கொடுத்தால்தான் சிறுமிக்குப் பாலர் பள்ளியில் இடம். பள்ளி கிடைத்தால்தான் தாய் திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் வேலையே போய்விடும். சிறுமியோ ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவள். பொம்மை லாரியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னபோது “ஏன்?” என்று கேட்டிருந்தாள். அறிவியல்படி அது தவறான பதில்.

“இந்தத் தடவையாவது பாஸாயிடுவாளா?” என்றார் தாய்.

“கவலப்படாதீங்கம்மா. பாக்கப்போற மூணு பேரும் இந்த விஷயத்துல கரை கண்டவங்க.”

எங்கள் சோதனை முறை நுட்பமானது. இரண்டு அறைகள், நடுவில் ஒரு கண்ணாடி. குழந்தை வெளிச்சத்தில், பேராசிரியர்கள் இருட்டில். இருட்டில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். வெளிச்சத்தில் இருப்பவருக்குத் தன் முகம் மட்டுமே தெரியும். அன்று பார்த்து குழந்தை இருக்கும் அறையின் டியூப்லைட் போய்விட்டிருந்தது. புது விளக்குக்கான விண்ணப்பம் நாலாவது மேசையில் வளர்ந்துகொண்டிருந்தது. நானும் தாயும் மகளும் மங்கலில் உட்கார்ந்திருந்தோம்.

பேராசிரியர்கள் அறையில் இருந்தது ஒரே ஒரு சுழல் நாற்காலி. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க, நடுவயது மேடம் விளக்கைப் போட்டார். மூவரும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தார்கள். சுவரும் மெல்லிசு.

“நான்தான் மொதல்ல வந்தேன்!” என்றார் முதுமை சார், உட்கார்ந்தபடி.

“நேத்து முழுக்க நீங்கதான சுத்திக்கிட்டிருந்தீங்க? எந்திரிங்க!” என்றார் மேடம்.

“இது என் பிரிவு நாற்காலி. யாருக்கும் தரமாட்டேன்!” என்று குழந்தை சார் அதைப் பிடித்து இழுக்க, நாற்காலி முதுமையோடு உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

“டைரக்டர்கிட்ட சொல்லிடுவேன்!” என்றார் குழந்தை சார், அழாக்குறையாக.

“சொல்லிக்கோ!” என்றார் முதுமை சார்.

சிறுமி என்னைப் பார்த்தாள். “ஏன் சண்ட போடுறாங்க?”

“சண்ட இல்லம்மா. கலந்தாலோசனை.”

அவள் நம்பவில்லை. தன் பிளாஸ்டிக் ஸ்டூலை ஒரு கையிலும் லாரியை மறு கையிலும் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள் நுழைந்தாள். ஸ்டூலை மேடத்துக்குப் போட்டாள். லாரியைக் குழந்தை சாரிடம் நீட்டினாள். “அழாதீங்க. இத வச்சு வெளாடுங்க.”

குழந்தை சார் லாரியை வாங்கிக்கொண்டார். பிறகுதான் பதவி நினைவுக்கு வந்தது. “சோதனை நடுவுல ரூம விட்டு வெளிய வந்துட்டா. தேர்ச்சி இல்ல. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க.”

“திங்கக்கிழம ஷிஃப்ட் சார்...” என்றார் மகளின் பின்னாலேயே ஓடிவந்த தாய்.

நிலையத்தின் கையேட்டை இருபது வருடமாகத் தூசி தட்டி வைப்பவன் நான். அன்றுதான் முதல்முறையாகத் திறந்து படித்தேன். ‘இருட்டில் இருப்பவர் ஆய்வாளர், வெளிச்சத்தில் இருப்பவர் ஆய்வுக்குரியவர்’ என்று குழந்தை சாரே எழுதியிருந்தார். அன்று இருட்டில் இருந்தவன் நான். எனவே சிறுமியின் படிவத்தில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். யார் முதலில் போடுவது என்று மூவரும் முண்டியடித்ததில், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. தாயும் மகளும் சான்றிதழோடு சிட்டாய்ப் பறந்தார்கள்.

விதி என்றால் விதி. வெளிச்சத்தில் இருந்த மூவருக்கும் ஆளுக்கொரு படிவம் நிரப்பினேன். ‘பகிர்ந்துகொள்ளும் பண்பு: இன்னும் வரவில்லை.’ கடைசியில் ஒரு கட்டம்: ‘சோதனையின்போது உடனிருந்த பொறுப்பான பெரியவர்.’ அங்கே பேனா நின்றுவிட்டது. என் பெயரைப் போடலாமென்றால், இந்தக் கூத்தை இருபது வருடமாக வாயை மூடிக்கொண்டு பார்த்தவன் நான். கட்டடம் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டு, மூன்று படிவத்திலும் அந்த நாலு வயதுக்காரியின் பெயரையே எழுதினேன்.