கடைசி எண் ஒன்பது

எலுமிச்சைச் செடியின் இலை சுருண்டுபோனதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்பதற்காகக் கமா வாயைத் திறந்தார். அதற்குள் போனில் பேசிய பெண்மணி, தொட்டி என்ன அளவு, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, பக்கத்து வீட்டுப் பூனை மண்ணை எப்படிக் கிளறுகிறது என்பதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

"செடி வைத்தியர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. உங்க ரேடியோவைத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லிப் போனையும் வைத்துவிட்டார்.

கமா என்பது அவருடைய பெயரில்லை. பாடப்புத்தகம் அடிக்கும் அச்சகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பவர் அவர். எதைச் சொல்வதற்கு முன்னும் சின்னதாக ஒரு இடைவெளி விடுவார். அதைப் பார்த்து அச்சகத்தில் வைத்த பட்டம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

எல்லாம் அந்த இடைவெளியால் வந்த வினை. வேறு யாராவது இருந்தால் எடுத்ததுமே தப்பான நம்பர் என்று சொல்லியிருப்பார்கள். இவர் மூச்சை இழுத்து ஆரம்பிப்பதற்குள் அந்தப் பக்கம் இலையிலிருந்து வேர்வரை போய்விடுகிறது.

சாயங்காலம் மனைவி வந்ததும் விஷயத்தைச் சொன்னார். இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடை மாடியில், சமூக வானொலி என்று ஒன்று இருப்பதாக அவள் சொன்னாள். பெரிய கம்பெனி எதுவும் கிடையாதாம். அவரவர் வேலையை முடித்துவிட்டு வந்து தெரிந்ததைப் பேசுகிறார்களாம், பாடுகிறார்களாம். கண்ணாடி போட வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

மறுநாள் கமா அங்கே நடந்துபோனார். மாடிப்படிச் சுவரில் நிலையத்தின் தொலைபேசி எண் பெயின்டில் எழுதியிருந்தது. அவர் வீட்டு எண்ணேதான். கடைசி இலக்கம் மட்டும் அங்கே ஆறு, இவருக்கு ஒன்பது. யாரோ அதைத் தலைகீழாகப் பார்த்துப் படித்திருக்கிறார்கள். பிழை திருத்துகிறவருக்கு இதெல்லாம் பழகிய பிழை. மேலே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஏறினார். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்தால் தட்டாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தது. தட்டவில்லை. வீட்டுக்கு வந்து ஆறு போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

எலுமிச்சைப் பெண்மணி மறுபடியும் கூப்பிட்டார். வைத்தியர் என்ன சொன்னார் என்று கேட்டார். கமாவுக்குப் பொய் வராது. ஆனால் எப்போதோ திருத்திய வேளாண்மைப் பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. நீர்த்த சோப்புத் தண்ணீரை இலையின் அடிப்பக்கமாகத் தெளிக்கலாம் என்று சொன்னார். சில நாள் கழித்து அவரே மறுபடி கூப்பிட்டு, "இலை விரிஞ்சிடுச்சுங்க. ரொம்ப நன்றி" என்றார்.

கமா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருடைய வேலை அப்படிப்பட்டது. சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. ஒரு புள்ளி தவறினால் ஊருக்கே தெரியும். வீட்டில் போன் அடித்தால் அச்சகத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் அர்த்தம். இத்தனை வருஷத்தில் போன் போட்டு நன்றி சொன்னவர் என்று ஒருவரும் கிடையாது. இந்தப் பெண்மணி நன்றி சொன்னதோடு நிற்காமல் 'ரொம்ப' வேறு போட்டிருக்கிறார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் தன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ரேடியோவில் போன் எடுக்கிறவர் எவ்வளவு பொறுமை, நாம் சொல்லி முடிக்கும்வரை வாயையே திறப்பதில்லை என்று. ரோஜாவுக்கு ஒருவர், தக்காளிக்கு ஒருவர் என்று வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மனைவி ஒரு வழி சொன்னாள். "எடுத்ததும் 'தப்பான நம்பர்'னு சொல்லி வெச்சிடுங்க. நடுவுல மூச்சு விட்டீங்க, போச்சு."

கமா கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினார். மறுநாள் காலையில் போன் அடித்ததும் எடுத்து, சொல்லி, வைத்தார். பெருமையாக இருந்தது. மறுபடி அடித்தது. இந்தத் தடவை இன்னும் வேகமாகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. அச்சக முதலாளி நின்றுகொண்டிருந்தார், முகம் கடுகடுவென்றிருந்தது.

அவர் கோபம் போனை வைத்ததால் மட்டும் வந்ததில்லை. பாலைவனம் பற்றிய பாடத்தில், ஒட்டகத்துக்கு அடுத்த வரியில், 'வாரம் இருமுறை சோப்புத் தண்ணீர் தெளிக்கவும்' என்று வந்திருந்தது. போனில் பேசிக்கொண்டே கமா தாளின் ஓரத்தில் கிறுக்கியதைத் திருத்தம் என்று நினைத்து உள்ளே சேர்த்துவிட்டார்கள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் முதலாளி கண்ணில் பட்டதால் ஒட்டகம் தப்பித்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பயந்துபோன கமா ஒரு ரேடியோ வாங்கி வந்தார். எந்த நிகழ்ச்சி எப்போது வருகிறது என்று தெரிந்துவிட்டால், போன் வராத நேரமாகப் பார்த்துத் திருத்த வேலையை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

அப்படி ஒரு நேரமே இல்லை. காலையில் செடி வைத்தியர். அவருக்குத் தொழில் கோர்ட்டில் தட்டச்சு. அதை அடுத்து வண்டி ரிப்பேர் சொல்லித்தரும் மெக்கானிக். குளங்குளமாகப் போய்த் தவளைச் சத்தம் பதிவு செய்து வந்து, இது கூப்பிடுகிற சத்தம், இது திட்டுகிற சத்தம் என்று விளக்கும் கணக்கு வாத்தியார் ஒருவர். பல் டாக்டரம்மா ஒருவர் நேயர்கள் எல்லோருக்கும் எதிராகத் தனியாளாய்ச் சதுரங்கம் ஆடினார், நாளுக்கு ஒரு நகர்த்தல். மதியம் பால் வண்டி டிரைவர் தாலாட்டுப் பாடினார். விடியற்காலையே வேலை முடிந்துவிடுவதால் மதியத்தில் அவருக்கும் தூக்கம் வரும், சில பாட்டுகளை முடிக்காமலே விட்டுவிடுவார்.

ஒவ்வொன்றின் முடிவிலும் அறிவிப்பாளர் பெண் கமா வீட்டு எண்ணைச் சொன்னாள். ஒன்பது என்று தெளிவாக, சிரித்த குரலில் சொன்னாள். தன் வீட்டு எண்ணை இத்தனை அழகாக யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை.

நிகழ்ச்சிகளைக் கேட்கக் கேட்கப் பதில் சொல்வது சுலபமாகிவிட்டது. அதனால் போனும் அதிகமாயிற்று. ஒருவர் தன் வண்டியை ஸ்டார்ட் செய்து போனை இன்ஜின் பக்கத்தில் பிடித்தார். கமா வழக்கம்போலப் பேசாமல் இருந்தார். அந்த அமைதியில் கூப்பிட்டவரே யோசித்து, பிளக்கைத்தான் மாற்றணும் இல்லையா என்று கேட்டு, நன்றி சொல்லி வைத்தார். சதுரங்கக்காரர்கள் டாக்டரம்மாவுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று ரகசியக் குரலில் நகர்த்தல் சொன்னார்கள். குதிரை எப்படிப் போகும் என்றே தெரியாத கமா ஓட்டு எண்ணி, எது அதிகமோ அதைக் குறித்துக்கொண்டார்.

குறித்ததையெல்லாம் சாயங்காலம் கொண்டுபோய், சிவப்பு விளக்கைத் தொந்தரவு செய்யாமல், நிலையத்தின் கதவடியில் தள்ளிவிட்டு வருவார். பேர் போடமாட்டார். உங்கள் எண் தவறாகச் சொல்லப்படுகிறது என்று அடியில் ஒரு வரி எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பார். பேனாவை எடுப்பார். அன்றைக்கு நன்றி சொன்னவர்கள் நினைவுக்கு வருவார்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று மூடிவிடுவார். தெரிந்தே ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இந்த நிலையில்தான் பால் வண்டி டிரைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மதியம் தாலாட்டு நேரத்தில் ரேடியோவில் தவளைதான் கத்தியது. உடனே போன் அடித்தது. குழந்தைகள் காப்பகம் நடத்தும் பெண். பிள்ளைகள் எல்லாம் அந்தக் குரல் இல்லாமல் தூங்க மாட்டேன் என்று அழுகின்றன, தவளையைக் கேட்டுப் பாதிப் பிள்ளைகள் குதிக்க ஆரம்பித்துவிட்டன, நீங்களாவது ஏதாவது பாடுங்கள் என்றாள். ஸ்பீக்கரில் வேறு போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் அழுகை கூரையைப் பிய்த்தது.

கமாவுக்குப் பாட்டு வராது. கையில் இருந்தது மலைகள் பற்றிய பாடம். பிழை திருத்தும்போது குறிகளையும் சேர்த்து வாய்விட்டுப் படிப்பது அவர் வழக்கம். வேறு வழி தெரியாமல் அதையே படித்தார்.

"மலைகள் கமா குன்றுகள் கமா பீடபூமிகள் ஆகியவை நிலத்தின் உயரமான பகுதிகள் முற்றுப்புள்ளி."

ஒவ்வொரு கமாவுக்கும் ஓர் இடைவெளி, முற்றுப்புள்ளிக்கு இன்னும் கொஞ்சம். இரண்டாவது பத்தியில் அழுகை குறைந்தது. எரிமலை வருவதற்குள் ஒரு சத்தமும் இல்லை. "எல்லாம் தூங்கிடுச்சுங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்று அந்தப் பெண் மெல்லிய குரலில் சொன்னாள். அவளுக்கே கொட்டாவி வந்தது.

மறுநாள் ஒரு தாய் கூப்பிட்டாள். அடுத்த நாள் இன்னும் நாலைந்து பேர். டிரைவரின் தொண்டை சரியாவதற்குள் கமா மலை, ஆறு, பாலைவனம் எல்லாம் படித்து முடித்துவிட்டார். தாலாட்டு திரும்ப வந்த பிறகும் போன் நிற்கவில்லை. அந்தக் கமா நிகழ்ச்சியை ஏன் ரேடியோவில் போடுவதில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். நேயர் சொன்னதை மறைப்பது நேர்மையில்லை என்று, கமா அதையும் எழுதிக் கதவடியில் தள்ளிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து அறிவிப்பாளர் பெண் ரேடியோவில் சொன்னாள். நேயர்களின் விருப்பத்துக்கு இணங்கி, அடுத்த வாரத்திலிருந்து மதியம் தாலாட்டுக்குப் பிறகு 'கமா' என்ற புதிய நிகழ்ச்சி வரும். வழங்குபவர் யார் என்று அவள் சொல்லவில்லை.

கமா ரேடியோவை அணைத்தார். வானொலியின் ஆளாக வேஷம் போட்டது, ஊரையே நம்பவைத்தது, இப்போது இல்லாத நிகழ்ச்சி ஒன்றை உண்டாக்கியது, எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடித்தது. போய் ஒப்புக்கொண்டுவிடுகிறேன் என்று மனைவியிடம் சொன்னார். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"நானும் வரேன். நீங்க ஆரம்பிக்கிறதுக்குள்ள அவங்க உங்களுக்கு ஒரு நிகழ்ச்சி குடுத்து அனுப்பிடுவாங்க."

படியேறினார்கள். சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. உள்ளே சின்ன அறை. சுவரெல்லாம் பழைய மெத்தை அடித்திருந்தது. அறிவிப்பாளர் பெண், பல் டாக்டரம்மா, பால் வண்டி டிரைவர் மூவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஓர் அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார்.

கமா இடைவெளி விட்டார். அதிசயமாக யாரும் குறுக்கே பேசவில்லை. அவர் எல்லாவற்றையும் சொன்னார். எலுமிச்சையில் ஆரம்பித்து, சோப்புத் தண்ணீர், சதுரங்க ஓட்டு, எரிமலைவரை எதையும் விடவில்லை. அவர்கள் பெயரைத் தான் எடுத்துக்கொண்டது தப்புதான் என்றார். ஆனால் இந்த நாட்களில் கேட்ட நன்றிகளை ஆயுசுக்கும் மறக்க முடியாது, அது உங்களுக்கு வரவேண்டியது, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்க வழி தெரியவில்லை, அதனால் மொத்தமாக உங்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்று முடித்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பால் வண்டி டிரைவர் எழுந்து வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "என் தொண்டை போனப்ப பிள்ளைங்களைத் தூங்க வெச்சது நீங்களா? எனக்கு அந்த வாரம் முழுக்க நிம்மதியே இல்ல சார்" என்றார். டாக்டரம்மா மட்டும், அந்த யானையை நகர்த்தச் சொன்னதும் நீங்கள்தானா என்று கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க" என்றார் கமா. "அறிவிப்புல கடைசி எண்ணைத் தப்பா சொல்றீங்க. ஆறுக்குப் பதிலா ஒன்பதுன்னு வருது. இன்னிக்கே திருத்திடுங்க."

டிரைவர் டாக்டரம்மாவைப் பார்த்தார், டாக்டரம்மா அறிவிப்பாளரைப் பார்த்தார், அறிவிப்பாளர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். பெருக்கிக்கொண்டிருந்த அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, அலமாரி மேல் ஒயர் சுற்றிக் கிடந்த போனைத் துடைத்தபடி சொன்னார்:

"முதல்ல வாய் தவறித்தாங்க ஒன்பதுன்னு வந்துச்சு, கதவடியில உங்க சீட்டு வர ஆரம்பிச்சப்புறம் தெரிஞ்சேதான் சொல்றோம், ஆறுல நாங்க எடுத்துப் பேசின காலத்துல ஒருத்தர்கூட ரெண்டாவது தடவை கூப்பிட்டதில்லையே."