மஞ்சள் கரிசலாங்கண்ணியைப் பிடுங்க அனுமதி கேட்டு சம்பந்திக்கு

மகாராஜராஜஸ்ரீ சம்பந்தி மாமா பாலச்சந்திரன் அவர்கள் சமூகத்துக்கு, புனே விஷ்ராந்த்வாடியிலிருந்து மகாதேவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு ஆனந்தவல்லி சௌக்கியம். எங்கள் வைஷுவும் தங்கள் குமாரர் ஷ்ரேயஸும் மகர்பட்டாவில் சௌக்கியம். இடுப்பைத் தவிர நானும் சௌக்கியம். மாயவரத்தில் தாங்களும் மாமியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். விழுந்து வேண்டிக்கொண்டால் எழுந்திருக்க ஆள் தேவைப்படுவதால், நின்றபடியேதான்.

ஞாயிறுதோறும் வீடியோவில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் காகிதம் என்று தாங்கள் யோசிக்கலாம். தங்கள் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வரவில்லை. "மாமா, நம்ம கரிசலாங்கண்ணி எப்படி இருக்கா?" என்று பெண்ணை விசாரிப்பதுபோல் கேட்கிறீர்கள். நானும் "ஓஹோன்னு இருக்கா" என்று சொல்லிவிட்டு ஃபோனை ஆனந்தவல்லியிடம் தள்ளிவிடுகிறேன். நான் சொல்வது பொய்யில்லை. அது ஓஹோவென்று இருப்பதுதான் கஷ்டம்.

கல்யாணம் முடிந்து முதல்முறை இங்கே வந்தபோது, சீர்த்தட்டுகளோடு ஒரு தட்டாக, ஈரத்துணியில் சுற்றி ரயிலில் மடியிலேயே வைத்து அந்தச் செடியைக் கொண்டுவந்தீர்கள். "எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சுக்கோங்கோ, முடி கருகருன்னு வரும்" என்று என் வழுக்கையைப் பார்த்தும் பார்க்காததுபோல் சொன்னீர்கள். சமையலறைச் சுவரோரம் வைத்தேன். வெயில் காலத்தில் இருந்த இடம் தெரியாமல் இருந்தது. மழை விழுந்ததோ இல்லையோ, புதினாவைக் காணோம், கொத்துமல்லியைக் காணோம், ரோஜாத் தொட்டியில் ரோஜாவைத் தவிர மற்ற இடமெல்லாம் மஞ்சள் பூ. பரவாயில்லை, சம்பந்தி ஆசீர்வாதம் பெருகுகிறது என்று நினைத்து எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். தலை முழுக்க ஒரே அரிப்பு, முடி மட்டும் வரவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை வந்தபோது தன் ஃபோனை இலைக்கு நேராகக் காட்டினார். அது சிங்கப்பூர் டெய்ஸி என்றது. உலகத்திலேயே மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாம். கரிசலாங்கண்ணி இலை ஒடுக்கமாகச் சாதாரணமாக இருக்குமாம், இதற்கு மட்டும் இலையில் மூன்று கூர் இருக்குமாம். கணுவுக்குக் கணு வேர் விடுமாம், வேரோடு பிடுங்கித் துண்டு துணுக்கு மிஞ்சாமல் வெயிலில் காயப்போட்டால்தான் சாகுமாம். "இதை யார் கொடுத்தா?" என்று கேட்டார். "ஃபோன் தப்பாச் சொல்றது" என்று சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையிடம் அப்பாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிடுங்க வேண்டியதுதானே என்பீர்கள். ஆனந்தவல்லி விடவில்லை. "சம்பந்தி சீராக் கொடுத்ததைக் கையால பிடுங்கப்படாது. தானாப் போனா சரி" என்றாள். அது தானாகப் போவதற்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். புல்வெட்டும் மிஷின் வைத்தேன், வெட்டிய துண்டெல்லாம் ஆளுக்கொரு செடியாக முளைத்தது. அள்ளி உரக்குழியில் போட்டேன், அந்த உரத்தை எங்கள் குடியிருப்பு சொசைட்டி முழுக்க வாங்கிப் போனார்கள், இப்போது எல்லார் வீட்டிலும் மஞ்சள் பூ. யூடியூபில் ஒருவர் கல்லுப்பும் வினிகரும் கலந்து தெளிக்கச் சொன்னார். தெளித்தேன், மல்லிகை செத்தது. பிறகு ஏரவாடாவிலிருந்து முகமது ரஃபீக்கையும் அவர் ஆட்டையும் அழைத்துவந்தேன். ஆடு அதை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கறிவேப்பிலையை மொட்டையடித்தது, பிறகு வேலி தாண்டி செக்ரெட்டரி ஜக்தாப்பின் செம்பருத்தியையும் தின்றது. "ஆடு மனுஷன் மாதிரி இல்ல சார், மரியாதைக்காக எதையும் தின்னாது" என்றார் ரஃபீக். அவர் சொன்னது என்னைத்தான் என்று தோன்றியது.

ஜக்தாப் வந்து பார்த்தார். செடி சாக்கடைக் குழாய் மூடியையும் மூடியிருந்தது. "அங்கிள், யே கார்டன் ஹை யா ஜங்கல்?" என்றார், தோட்டமா காடா என்று. கணபதி கரைப்பதற்குள் சுத்தம் செய்யாவிட்டால் என் தோட்டத்தின் மேல் சிமெண்ட் கல் பதித்து ஸ்கூட்டர் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்களாம், கமிட்டியில் முடிவாகிவிட்டதாம். மாமா, வெடிமருந்துத் தொழிற்சாலையில் காலமெல்லாம் அடுத்தவன் சொன்னதைச் செய்து ரிட்டயர் ஆனவன் நான். வீட்டில் ஆனந்தவல்லி ராஜ்ஜியம். நான் சொல்வது நடக்கிற இடம் என்று அந்தத் துண்டு மண் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் காலையில் எழுந்து நான் எங்கே போவேன்? நினைத்தால் அழுகை வருகிறது.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது, "பிடுங்கிடுங்கோ" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தாங்கள் கொடுத்த செடி இப்படி என்று குறை சொல்வதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். கொடுத்த செடி இப்படித்தான் என்பதைத் தெரிவிக்கிறேன், அவ்வளவே.

மாமிக்கு எங்கள் நமஸ்காரங்கள். மாயூரநாதர் தங்கள் குடும்பத்தைத் தழைக்கச் செய்யட்டும், அளவோடு.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் குனிந்தபடியே காத்திருக்கும்
மகாதேவன்

பின்குறிப்பு: மரியாதைக் குறைவாக ஏதாவது எழுதிவிட்டேனா என்று ஆனந்தவல்லிக்கு வாசித்துக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. "ஏன்னா, அவர் கொடுத்த செடி அந்த மே மாச வெயில்லயே போயிடுத்து. நாம வைஷு ஆத்துல இருந்தப்போ தண்ணி விட ஆளில்லே. கல்யாணமான வருஷமே சம்பந்தி கொடுத்த செடி பட்டுப்போச்சுன்னா அபசகுனம்னு நினைச்சுப்பாளேன்னு, மகர்பட்டா ரோட்டு நடுவுல பூத்திருந்ததுலேர்ந்து நாலு தண்டு கிள்ளிண்டு வந்து அதே இடத்துல சொருகினேன். அதுவும் மஞ்சப் பூதானே?" என்றாள். பிறகு ஏனடி பிடுங்க விடவில்லை என்றேன். "இதையும் பிடுங்கிட்டா அவர் வரச்சே எதைக் காட்டறது?" என்கிறாள். ஆக, தங்கள் செடியைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அபாண்டம். அது பரம சாது. எங்களிடம் வந்து உயிரை விட்டது. மன்னிக்க வேண்டும்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு ஷ்ரேயஸ் ஊருக்கு வந்தபோது ஒரு மூடிய டப்பா கொடுத்தனுப்பினாளாம். உள்ளே "உங்காத்துச் செடியோட குழந்தைகள்" என்று ஒரு பிடி தண்டு. மாமி அதைக் கொல்லையில் மல்லிகைப் பந்தலடியில் நட்டு, ஜோராகத் தழைக்கிறது என்று போன வாரம்கூட இவளிடம் சந்தோஷப்பட்டாராம். மாமா, இதைக் கீழே வைத்துவிட்டு உடனே கொல்லைக்குப் போய் இலையைப் பாருங்கள். மூன்று கூர் இருந்தால் மிஷின் வைக்காதீர்கள், உப்புப் போடாதீர்கள், ஆட்டைக் கூப்பிடாதீர்கள். சம்பந்தி சீராயிற்றே என்று யோசிக்கவும் வேண்டாம். கையாலேயே பிடுங்குங்கள். நான் உத்தரவு கொடுக்கிறேன்.