ஒன்பது உறைகளும் நாலாவது விதியும்

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்குள் தன் மனைவி டார்லாவுக்குப் பொருத்தமான துப்பாக்கி உறை ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவது என்று வெண்டல் கிராப்ட்ரீ முடிவு செய்தார். முடிவு செய்வதில் அவரை மிஞ்ச கிழக்கு டெக்சாஸில் ஆள் கிடையாது. அதை முடித்துவைப்பது மட்டும் எப்போதும் டார்லாவின் தலையில் விழும்.

டார்லாவிடம் கைத்துப்பாக்கி இருந்தது. குறி பார்த்துச் சுடவும் தெரியும். ஆள் நடமாட்டமில்லாத சாலைகளில் தனியாகக் காரோட்டிப் போய், படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டிகளுக்கு வீட்டிலேயே முடிவெட்டிவிடுவது அவர் தொழில். வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் மாட்டிக்கொண்டு போனால் பாட்டிகளுக்கு முடி தானாகவே நட்டுக்கொண்டு நிற்கும். அதனால் உடைக்குள் மறைத்து வைக்க வேண்டும். எங்கே, எதில் வைப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பிறந்தவர் தான்தான் என்பதில் வெண்டலுக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருடம் ஊர் இரும்புக்கடையில் துப்பாக்கி விற்றவர். ஓய்வு பெற்றபின் புதிதாகச் சுடப் பழகுகிறவர்களுக்கு வகுப்பெடுப்பவர். பயிற்சிக் கூடத்துச் சுவரில் நாலு விதிகளைத் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். முதல் மூன்றும் எல்லோரும் சொல்வது. நாலாவது அவருடைய சொந்தச் சரக்கு: கழிவறையில் துப்பாக்கியை எடுத்துக் கீழே வைக்காதே.

"வச்சா மறந்துருவீங்க. மறக்கிறவன் கையில துப்பாக்கி இருக்கக் கூடாது, பொம்மைதான் இருக்கணும்" என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர்களில் டார்லாவும் ஒருவர்.

உறைகள் வரத் தொடங்கின. முதலில் இடுப்புவாரில் மாட்டுவது.

"நல்லாத்தான் இருக்கு. இடுப்புவாரு எங்க இருக்கு?" என்றார் டார்லா.

"உன் கால்சட்டையில இல்லையா?"

"பொம்பளைங்க கால்சட்டையில சாவி வைக்கிறதுக்கே பையில்ல. நீங்க பீரங்கி வைக்கச் சொல்றீங்க."

அடுத்தது தொடையில் கட்டுவது. அதைக் கட்டிக்கொண்டு பாவாடையோடு மளிகைக்கடைக்குப் போனார் டார்லா. வாசலில் தொடையில் இருந்தது. வெங்காயத்தை எட்டும்போது முழங்காலில் இருந்தது. மிச்சக் கடையை அவர் தாண்டித் தாண்டி நடந்ததைப் பார்த்து, இடுப்பு பிடித்துக்கொண்டதா என்று மூன்று பேர் விசாரித்தார்கள்.

மூன்றாவது, மார்க்கச்சையில் கோத்துத் தொங்கவிடுவது.

"இதை எடுக்கணும்னா சட்டையைக் கழுத்து வரைக்கும் தூக்கணுமே?"

"ஆமா. ஒரு நொடி வேலை."

"அதைப் பாத்தே திருடன் ஓடிருவான் வெண்டல். அப்புறம் துப்பாக்கி எதுக்கு?"

கணுக்காலில் கட்டுவதையும் பார்த்தார்கள். "குனிஞ்சு எடுத்து நிமிர்றதுக்குள்ள திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான்" என்று டார்லா கழற்றிவிட்டார். ரகசிய அறை வைத்த கைப்பையை வெண்டலே வேண்டாம் என்றார். கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்குத் துப்பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவானேன்.

இப்படி ஒன்பது உறைகள் சமையலறையில் கைத்துண்டு வைக்கும் இழுப்பறைக்குள் போய்ச் சேர்ந்தன. துப்பாக்கி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இப்படி ஓர் இழுப்பறை உண்டு. ஆனால் தேவாலயத்துத் தோழி ஓபல் சொன்னாளென்று டார்லா பத்தாவதாக ஒன்றைத் தானே வாங்கி வந்தபோது வெண்டலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது அகலமான நெகிழ்பட்டை. வயிற்றைச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாம். இடுப்புவாரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"இது குடலிறக்கத்துக்குக் கட்டுற பட்டை. முப்பது வருஷத்துல இதை நான் ஒருத்தருக்கும் வித்ததில்ல."

"நீங்க வித்தது பூரா ஆம்பளைங்களுக்கு."

"துணிக்கு மேல துருத்திக்கிட்டுத் தெரியும் டார்லா. யார் எங்க வச்சிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அது ஒரு வரம்."

டார்லா காய் நறுக்குவதை நிறுத்தினார். "அப்படியா? வர்ற ஞாயித்துக்கிழமை தேவாலயத்துல சமபந்திச் சாப்பாடு இருக்கு. துப்பாக்கியோட வரேன். எங்க வச்சிருக்கேன்னு கண்டுபிடிங்க. தொடக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் சொல்லலாம், அதுவும் வீட்டுக்கு வந்தப்புறம்."

"கண்டுபிடிச்சா?"

"சனிக்கிழமை வேட்டைக்குப் போங்க. கண்டுபிடிக்கலைன்னா என்கூட மாக்சின் வீட்டுக்கு வரீங்க."

மாக்சின் டார்லாவின் அக்கா. அவளுடைய நாற்பதாவது திருமண நாள் விருந்து, எந்தச் சண்டாளன் நாள் குறித்தானோ, வேட்டைப் பருவத்தின் முதல் சனிக்கிழமையில் வந்து விழுந்திருந்தது. முதல் சனிக்கிழமையை வெண்டல் முப்பத்தொரு வருடமாகத் தவறவிட்டதில்லை. அவருடைய மகள் பிறந்ததுகூடப் பருவம் முடிந்த மறுநாள்தான். அதில் தன் சாமர்த்தியமும் கொஞ்சம் உண்டு என்பது அவர் நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை டார்லா பூப்போட்ட கவுனும் மேலே தளர்வான கம்பளிச் சட்டையும் அணிந்து வந்தார். வெண்டலும் வழக்கம்போலத் தன் சின்னச் சுழல் துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகிக்கொண்டார். பிரசங்கம் முழுக்க அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மனைவியையே பார்த்தார். பாதிரியார் சொன்னதில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. டார்லா பாட எழுந்தபோது இடது பக்கம் பார்த்தார். உட்கார்ந்தபோது வலது பக்கம் பார்த்தார். ஒன்றும் துருத்தவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் டார்லா குனிந்து பாத்திரம் எடுத்தார். எட்டித் தட்டு எடுத்தார். ஓபலைக் கட்டிக்கொண்டார். வெண்டல் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று, என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் மூன்று தட்டு அவரைக்கொட்டைக் குழம்பைச் சாப்பிட்டார்.

"என்ன வெண்டல், புதுசா கல்யாணம் ஆனவன் மாதிரி பொண்டாட்டியையே முழுங்குற?" என்றாள் ஓபல்.

"அழகா இருக்கா, பாக்கறேன்" என்று சமாளித்தார். சொன்னபிறகு, அது உண்மைதான் என்று அவருக்கே பட்டது. அறுபது வயதில் அந்தப் பூப்போட்ட கவுனில் டார்லா நிஜமாகவே நன்றாக இருந்தார். எத்தனை நாளாயிற்று இப்படி நின்று பார்த்து என்று நினைத்தவுடன் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அவரைக் குழம்பு தன் வேலையைக் காட்டியது. கூடத்துக்கு இருந்தது ஒரே கழிவறை. உள்ளே போய் உட்கார்ந்த வெண்டலுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் டார்லாவின் சிரிப்பு கேட்டது. யாரோ நாற்காலிகளை அடுக்கக் கூப்பிடுகிறார்கள். நாற்காலியைத் தூக்கினால் சட்டை மேலேறும், சட்டை மேலேறினால் குட்டு வெளிப்படும். கிடைத்தற்கரிய சந்தர்ப்பம். பாதியில் எழுந்து, கால்சட்டையை ஏற்றிக்கொண்டு, கையைக்கூட அரைகுறையாகக் கழுவிவிட்டு ஓடிவந்தார்.

நாற்காலி தூக்கியது ஓபலின் கணவர். டார்லா கழிவறை வாசலில் அடுத்த ஆளாக நின்றிருந்தார்.

"அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

வெண்டல் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம். வெளியே வந்த டார்லாவின் கம்பளிச் சட்டையில், இதுவரை திறந்திருந்த பொத்தான்கள் எல்லாம் போடப்பட்டிருந்தன. வலது கை ஒரு கணம் விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டது. வெண்டலுக்கு மனசுக்குள் மத்தாப்பு கொளுத்தினாற்போல் இருந்தது. நழுவியதைச் சரிசெய்திருக்கிறாள். அவர் கண் முன்னால் பைன் காடும், பனியும், எட்டுக் கிளைக் கொம்போடு ஒரு மானும் வந்து நின்றன.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வயித்துப் பட்டை. வலது பக்கம், விலாவுக்குக் கீழ."

டார்லா உள்ளே வந்து, சமையலறையில் கம்பளிச் சட்டை, கவுன் பொத்தான்களைக் கழற்றி, பட்டையின் வலப்பக்கப் பையிலிருந்து தன் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சரியாச் சொல்லிட்டீங்க. நீங்க ஜெயிச்சீங்க."

"நான்தான் சொன்னேனே, என் கண்ணுக்குத் தப்பாது. துப்பாக்கின்னு ஒண்ணு இருந்தா..."

"இந்தப் பட்டையில இடது பக்கமும் ஒரு பை இருக்கு வெண்டல்."

இடப்பக்கப் பையிலிருந்து இன்னொரு துப்பாக்கி வந்தது. சின்னச் சுழல் துப்பாக்கி. பிடியில், ஒரு தடவை பாறையில் விழுந்ததால் ஏற்பட்ட கீறல். வெண்டலின் கை தன் இடுப்புக்குப் போனது. உறை இருந்தது. உறைக்குள் ஒன்றும் இல்லை.

"கழிவறைத் தண்ணித் தொட்டி மேல இருந்துச்சு" என்றார் டார்லா. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஐந்து தோட்டாக்களை வரிசையாக வைத்தார். "குண்டை எல்லாம் எடுத்துட்டேன். எனக்கு அடுத்து வரிசையில பாதிரியார் நின்னுக்கிட்டு இருந்தார்."

வெண்டல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பாதிரியார் அவருடைய வகுப்பில் படித்தவர். நாலாவது விதியை அழகாக இருக்கிறதென்று ஒரு தடவை பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டவர்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்?" டார்லா அவர் தலையை ஒரு தடவை கோதிவிட்டார். "காலையிலேருந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதுல மறந்துட்டீங்க. ஒரு பொம்பளைக்கு இது பெருமைதான். எழுந்திரிங்க, வேட்டைத் துணியெல்லாம் எடுத்து வைக்கலாம். பந்தயம்னா பந்தயம்."

அவர் நிஜமாகவே அனுப்பிவைப்பார் என்பது வெண்டலுக்குத் தெரியும். அதுதான் தாங்கவில்லை. இழுப்பறையைப் பார்த்தார், மேசைமேல் இருந்த ஐந்து தோட்டாக்களைப் பார்த்தார்.

"மாக்சின் வீட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றார்.

சனிக்கிழமை காலை, முப்பத்திரண்டாம் வருட மான்கள் கவலையில்லாமல் மேய்ந்துகொண்டிருந்த நேரத்தில், வெண்டல் மாக்சினின் கூடத்து நடுவில் நின்றார். விருந்துக்கு வந்த எட்டுப் பெண்களுக்கும் எந்த உறை எப்படி என்று பார்க்க ஆசை. டார்லா இழுப்பறையையே காலிசெய்து கொண்டுவந்திருந்தார். மாட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். வெண்டலின் கணுக்காலில் ஒன்று, தொடையில் ஒன்று, தோளில் கைப்பை, சட்டைக்கு மேல் நெகிழ்பட்டை. மாக்சினின் கணவர் மரியாதைக்காகத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

"கொஞ்சம் திரும்புங்க கண்ணு, பின்பக்கமும் பாக்கட்டும்" என்றார் டார்லா. வெண்டல் திரும்பினார்.

"இவர் இதுல பெரிய வாத்தியார். நாலு விதி எழுதி வச்சிருக்கார். அந்த நாலாவது இருக்கே, அது ரொம்ப முக்கியம். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

எட்டுப் பெண்களும் குறிப்பேட்டைத் திறந்தார்கள். வெண்டல் கூரையைப் பார்த்தபடி சொன்னார். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.