பின்னால் நீந்திய வாத்து

“எங்கேப்பா அந்தச் செந்தலை வாத்து?” தலைவர் பைனாகுலரை இறக்காமலே மறுபடி கேட்டார்.

“வரும் சார். வெயில் கொஞ்சம் ஏறட்டும்.”

தச்சன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். பறவை தெரியாதவனுக்குப் பெண் கிடையாது என்று அவன் விரும்பிய பெண்ணின் அப்பா முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் பறவைச் சங்கத் தலைவர். மலைமேல் இருக்கும் இந்த நீர்த்தேக்கத்தில் செந்தலை வாத்தைப் பார்த்த ஒரே மனிதர். பதவியே அந்தப் புகழில் வந்ததுதான். தச்சன் சும்மா இருந்திருக்கலாம். நானும் போன வாரம் அதே இடத்தில் பார்த்தேன் என்று அளந்துவிட்டான்.

தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, காட்டினால் பெண் உனக்குத்தான் என்றார்.

காக்காயையும் கொக்கையும் தாண்டி ஒன்றும் தெரியாதவன் என்ன செய்வான்? தெரிந்த வேலையைச் செய்தான். மரத்தில் ஒரு வாத்தைச் செதுக்கி, தலைக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து, முந்தின நாளே வந்து நாணலோரம் கட்டிவிட்டுப் போனான்.

இப்போது கோடைக்காற்றில் கயிறு அவிழ்ந்தது. வாத்து வெளியே வந்தது, வாலை முன்னால் விட்டுக்கொண்டு.

“என்னப்பா, பின்னாலயே நீந்துது?”

“கோடை ஆரம்பத்துல அப்படித்தான் சார். எதிரியைப் பார்த்துக்கிட்டே போகும்.”

தலைவர் பைனாகுலரைத் துடைத்தார். அதற்குள் ஒரு நீர்க்காகம் வந்து வாத்தின் முதுகில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைத்தது. ரெண்டும் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகும் என்று தச்சன் சமாளித்தான். அது எழும்பிய வேகத்தில் வாத்து குப்புறக் கவிழ்ந்தது. வயிற்றில் ஒரு ஆணி பளபளத்தது.

“இரை தேடுது சார்” என்றபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளிடம் என்ன சொல்வது?

வாத்து நேராக மதகுப் பக்கம் போனது. மதகு அடைத்துக்கொள்ளுமே என்று நீர்த்தேக்கக் காவலாளி படகில் போய் அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். தச்சனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“வாப்பா, கிளம்பலாம். வெயில் தாங்கல” என்று தலைவர் அவசர அவசரமாக எழுந்தார்.

காவலாளி தச்சனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொட்டச் சொட்ட வாத்தைத் தலைவரிடம் நீட்டினார்.

“என்ன சார், மறுபடியுமா? நீங்க முன்ன விட்டுட்டுப் போனதே இன்னும் எங்க ஷெட்டுல கிடக்குது. பரவாயில்ல, இந்தத் தடவை பெயின்ட் நல்லா அடிச்சிருக்கீங்க.”